செடியில் வைத்த பீர்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் முதன்முதலாக வீட்டில் பீர் வைத்தவள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. சபையில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். மீதிப் பேர் ஒரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்கள். முகம் சுளித்தவர்களிலும் சிலர் ஆராதனை முடிந்த கையோடு பின்வாசல் வழியாக வந்து கேட்டதுண்டு, பெயர் சொன்னால் நன்றாக இருக்காது.

பீர் என்றதும் கடையில் விற்கும் சரக்கை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்லும் அறுபதுகளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு, அந்தச் சரக்கு கண்ணில் படுவதே அபூர்வம். இது இஞ்சி பீர். சுக்கு, சர்க்கரை, எலுமிச்சம்பழம், ஆறின தண்ணீர், அவ்வளவுதான். குடித்தால் மூக்கில் ஏறும், தலைக்கு ஏறாது. கைக்குழந்தைகூடக் குடிக்கலாம் என்று நான் சொல்வேன், குழந்தைகளின் தாய்மார்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில். நைனா இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டர். பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறப் போன சமயத்தில், அந்த வீட்டம்மா எங்கள் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடி ஜாடியைக் கையில் கொடுத்தார். ஜிஞ்சர் பீர் பிளாண்ட் என்று சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கையைக் காட்டி விளக்கிவிட்டுப் போனார். ஜாடியில் இலையும் இல்லை, தண்டும் இல்லை. அடியில் வெளிறிய வண்டல், அதன் மேல் கலங்கல் தண்ணீர். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிளாண்ட் என்றால் செடி. அதனால் அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் செடி ஆகிவிட்டது.

செடிக்குத் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் சுக்குப்பொடியும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அம்மா எங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டார். "செடிக்குத் துன்னப் போட்டீங்களாடி?" என்றுதான் கேட்பார். போட்ட கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சிறு சிறு குமிழிகள் கிளம்பி மேலே வரும். "பாரு, மூச்சு வுடுது" என்பார் அம்மா. மூச்சு விட்டால் செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை.

ஒரு வாரம் போல இப்படித் தீனி போட்ட பிறகு, மேல் தண்ணீரை மல் துணியில் வடிகட்டி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் கலந்து, ரயில்வே சாப்பாட்டுக் கூடத்தில் காலியாகும் பழுப்பு பாட்டில்களில் நிரப்பி, கார்க் அடித்து, சணலால் கழுத்தில் இறுக்கிக் கட்டுவார். அந்தப் பாட்டில்கள் கட்டிலுக்கு அடியில் ஈரச் சாக்கின் மேல் படுத்திருக்கும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று பாட்டிலையே உடைத்துவிடும்.

ரேணிகுண்டா மே மாதத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பாட்டிலின் அருமை தெரியும். நைனா மத்தியானம் ஷெட்டிலிருந்து கரியும் எண்ணெயுமாக வருவார். கை கால் கழுவிக்கொண்டு சணலை அவிழ்ப்பார். கார்க் கிளம்பும் சத்தம் அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். முதல் மடக்கு இறங்கியதும் நைனா கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தேய்ப்பார். அவர் மூக்கைத் தேய்த்தால் அம்மாவுக்கு அன்றைக்கு முகமே வேறு. வாய் திறந்து நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வடிகட்டின பிறகு அடி வண்டல் இரண்டு பங்காகும் அளவுக்குப் பெருகியிருக்கும். ஒரு பங்கு நமக்கு. இன்னொரு பங்கை யாருக்காவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். அம்மா இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். செடியை நாமாகப் போய்க் கொடுக்கக் கூடாது. வேண்டும் என்று வாய் திறந்து கேட்பவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். கேட்காமல் வாங்கினவர்கள் தீனி போட மறந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. என் கல்யாணம் நிச்சயமானதும் நானே போய்க் கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டு, "இப்பதான் உனக்குக் கல்யாண வயசு வந்துச்சு" என்றார்.

அப்படித்தான் நான் சித்தூர் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரின் மனைவியாக, மடியில் ஒரு ஜாடியோடு, பாகாலா வழியாக ரயிலில் வந்து இறங்கினேன். பின்னாலேயே வைக்கோலில் சுற்றின ஒரு கூடை பழுப்பு பாட்டில்களும் வந்தன.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா போன பிறகு தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். சபைப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். மதுவை ஒழிப்பதற்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினவர். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் அந்தக் கூடையை இறக்கி வைத்தால் எப்படியிருக்கும். வைக்கோலை விலக்கிப் பார்த்தவர் அப்படியே கையை எடுத்துக்கொண்டார். பிறகு என் மடியிலிருந்த ஜாடியைப் பார்த்தார்.

"அது இன்னாம்மா?"

"செடி, அத்தை."

"இன்னா செடி?"

"பீர் செடி."

அவர் வாசல் பக்கம் திரும்பி யாராவது கேட்டார்களா என்று பார்த்தார். "செடின்னு மட்டும் சொல்லு. முன்னாடி கீற பேரு இந்த வூட்ல வேணாம்" என்றார்.

சமையலறையின் பின்பக்க அலமாரியில் செடிக்கு இடம் கிடைத்தது. அத்தை அந்தப் பக்கமே போக மாட்டார். நான் காலையில் சர்க்கரை போடும்போது மட்டும் அவருக்குப் பொறுக்காது. அப்போது ரேஷன் சர்க்கரை, ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து போடுவார்கள். "சேத்துக்குக் கொட்டிக்கினு கீறா, காபிக்கு இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். என் கணவர் வாயில்லாப் பூச்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டில் நின்று, பாட்டிலின் மேல் துண்டைப் போட்டு மூடி, சத்தம் வராமல் கார்க்கைத் திறந்து குடிப்பார். மூக்கைத் தேய்த்துக்கொள்வார். எனக்கு அதுவே போதும். நாத்தனாருக்கு ஒளிவு மறைவு கிடையாது. "அண்ணி, எனக்கு ரெண்டாவது டம்ளர்" என்று நடுக்கூடத்தில் நின்று கேட்பாள்.

அத்தை ஒருமுறை சமாதானமாகப் பேசிப் பார்த்தார். "இஞ்சி சர்பத்துன்னு சொல்லிட்டுப் போயேன். இன்னா கெட்டுடும்?" என்றார். "சர்பத்துன்னா சர்பத்து, பீருன்னா பீரு, அத்தை" என்றேன். என் சுபாவம் அது. என் அம்மா கஷ்டப்பட்டு வைத்த ஒன்றுக்கு வேறு ஆள் சௌகரியத்துக்காகப் பெயர் மாற்ற எனக்கு வராது.

கல்யாணமான மறு வருஷம் அம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நைனா அந்தச் சமயத்தில்தான் ரிடையர் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு குண்டக்கல்லில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சாமான் கட்டின அவசரத்தில் யாரோ அம்மாவின் ஜாடியைக் கழுவி வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் பங்கு வாங்கின வீடுகளும் மாற்றலில் எங்கெங்கோ போய்விட்டன. சித்தூர் அலமாரியில் இருந்ததுதான் மிச்சம். நான் இதை அத்தையிடம் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. யார் முன்னாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று எனக்குப் பழக்கமில்லை. காலையில் தீனி போடும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று குமிழி வருவதைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அடுத்த மே மாதம் நாத்தனாரைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் பேங்க் உத்தியோகம். பையனின் அப்பா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். மேடையேறினால் மதுவிலக்கைத் தவிர வேறு பேச மாட்டார் என்று பெயர் வாங்கினவர். நாத்தனாருக்குப் பையனை ஏற்கெனவே ஒரு வாலிபர் கூட்டத்தில் பார்த்துப் பிடித்துப்போயிருந்தது. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்த விதத்திலேயே, இது தப்பிப்போனால் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் அந்த வாரம் வைத்தது என் ஆயுசிலேயே நல்ல பீர். தற்பெருமை இல்லை, உண்மை. சுக்கு புத்தூர்ச் சந்தையில் வாங்கினது, காரம் சரியாக இறங்கியிருந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மனதில் ஓர் ஆசை இருந்தது. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவங்க போற வரைக்கும் அந்த பாட்டிலும் செடியும் என் கண்ல படக் கூடாது."

அவர்கள் வரும் நாள் காலையில் பூவும் பழமும் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால் கட்டிலுக்கு அடியில் பாட்டில்களைக் காணோம். முற்றத்தின் கோடியில் இருந்த தகரக் கூரை போட்ட குளியலறையில் அடுக்கியாகிவிட்டது. அத்தை சொல்ல, என் கணவர் தூக்கியிருக்கிறார்.

"அத்தை, தகரத்துக்குக் கீழ வெச்சா வெடிச்சுடும்."

"பாட்டில் இன்னா பட்டாசா? போம்மா, போயி வடைக்கு அரை."

மாற்றி வைக்கலாம் என்று முற்றத்தில் இறங்கினேன். அதற்குள் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றுவிட்டது.

பையன், அப்பா, அம்மா, சித்தப்பா என்று வந்தார்கள். பையனின் அம்மா வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. மெலிந்த உருவம், கண்ணாடி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண். பேச்செல்லாம் ஹெட்மாஸ்டர்தான். வடை, காபி ஆனது. நாத்தனார் வந்து நின்றாள். எல்லாருக்கும் திருப்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து, ஜெபம் செய்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம்.

அவர் ஜெபம் நீளமானது. ஆதாம் ஏவாளில் தொடங்கினார். ஆபிரகாமுக்கு வரும்போது முற்றத்தில் முதல் பாட்டில் வெடித்தது.

அவர் நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார். இரண்டாவது வெடித்தது. அப்புறம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக வெடித்தன. கண்ணாடி தகரத்தில் போய் அடிக்கிற சத்தம் வேறு. கோழிகள் கூச்சலிட்டுக்கொண்டு கூடத்துக்குள்ளேயே ஓடி வந்தன. நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து பழுப்பு நுரை முற்றத்தில் வழிந்து வந்துகொண்டிருந்தது. வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது.

"ஆமென்" என்று ஹெட்மாஸ்டர் பாதியிலேயே முடித்தார்.

"சோடாங்க" என்றார் அத்தை. "சோடா பாட்டில் வாங்கி வெச்சிருந்தோம். வெயிலுக்கு வெடிச்சுட்டுது."

ஹெட்மாஸ்டர் மூக்கை உயர்த்தினார். "சோடாவுக்கு இந்த வாசனை வராதுங்களே."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது சோடாவாகவே போயிருக்கும். கல்யாணமும் பேசி முடிந்திருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஜெபம் முடிந்த வாய் ஈரம் காய்வதற்குள் பொய் சொல்வது ஒரு பக்கம், என் அம்மாவின் பீரைச் சோடா என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சோடா இல்லீங்க" என்றேன். "பீரு. நான்தான் வெச்சேன்."

ஹெட்மாஸ்டர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். புறப்படுவதற்கு அதுதான் அடையாளம். அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷம் என் நாக்கை நானே சபித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பையனின் அம்மா வாயைத் திறந்தார்.

"செடியில வெச்சதாம்மா?"

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். "ஆமாங்க. செடியில வெச்சது."

"எங்க நைனா அரக்கோணத்துல ரயில்வே கார்டா இருந்தாரு" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. "எங்க வூட்ல செடி இருந்துச்சு. கல்யாணமாயி வர்றப்ப நான் எடுத்துக்கினு வரல. இவரு இன்னா சொல்லுவாரோன்னு பயம்." கணவரைப் பார்த்து, "உக்காருங்க. இது இஞ்சித் தண்ணி. குடிச்சா ஒண்ணும் ஆவாது" என்றார். ஹெட்மாஸ்டர் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு சுலபமாக உட்காருவார் என்று அவருடைய கூட்டங்களுக்குப் போனவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

"செடி எங்க கீது? காட்டு, பாக்கலாம்" என்று அந்த அம்மா எழுந்தார்.

நான் முன்னால் நடந்தேன். அலமாரியில் ஜாடி இருந்தது. கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

"தூக்கிப் போடலம்மா" என்றார் அத்தை. "நட்டுட்டேன்."

"எங்க?"

"முருங்கை மரத்தாண்ட. ஜாடியில வெச்சிக்கினு சர்க்கரை போட்டுக்கினே கீறியே, எப்பதான் முளைக்கும்னு பார்த்தேன். பால்காரியக் கூப்ட்டு 'மொக்க நாட்டாலி'ன்னு சொன்னேன். அவதான் எரு போட்டு நட்டா. கோழி கிளறாம முள்ளு கூட வெச்சிருக்கு."

பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். மொக்க நாட்டாலி என்றால் தெலுங்கில் செடி நட வேண்டும் என்று அர்த்தம், பால்காரி முறையாகத்தான் நட்டிருந்தாள். பாத்தி கட்டி, எரு போட்டு, தண்ணீர் விட்டு, சுற்றிலும் முள் வேலி. உள்ளே ஈர மண். சர்க்கரை வாசனைக்கு எறும்பு சாரி சாரியாக வந்துகொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், நாங்கள் செடி என்று சொன்னது செடி இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாதே என்று அவர் சொன்னார், நானும் வீம்புக்கு ஒன்றும் விளக்கவில்லை.

பாட்டில்கள் எல்லாம் போய்விட்டன, செடி எறும்புக்குப் போய்விட்டது. நான் அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் கணவர் பக்கத்தில் வந்தார். கையில் ஒரு பழுப்பு பாட்டில், மேலெல்லாம் ஈர மணல்.

"தண்ணிப் பானைக்குக் கீழ மணல்ல ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. "சாயங்காலம் குடிக்கலாம்னு."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் சணலை அவிழ்த்தேன். துண்டு போட்டு மூடவில்லை. கார்க் எகிறி விட்டத்தில் பட்டு விழுந்தது. பாட்டிலைச் சாய்த்த நிலையிலேயே, அடி கலங்காமல், ஒவ்வொரு டம்ளராக ஊற்றினேன். பையனின் அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூக்கைத் தேய்த்தார். ஹெட்மாஸ்டர் முதலில் முகர்ந்தார், நாக்கில் தொட்டார், ஒரு மடக்குக் குடித்தார், அப்புறம் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருந்தா..."

பாட்டிலில் இன்னும் நாலு விரற்கடை இருந்தது. "இல்லீங்க. இதுக்கு மேல ஊத்த மாட்டேன்" என்றேன்.

சம்பந்தியாக வரப்போகிறவர் வாய்விட்டுக் கேட்டதை மருமகள் மறுத்துவிட்டாள் என்று அத்தைக்கு மூச்சே நின்றுவிட்டது. எத்தனையோ மேடையில் பாட்டிலை உடைக்கச் சொன்ன மனிதர் பீருக்காக டம்ளரை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

பையனின் அம்மாவுக்குத்தான் புரிந்தது. "ஊத்தாதம்மா, வெச்சிக்கோ" என்றார். கணவரின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "அடியில கீற மண்டியிலதான் செடி கீது. அதையும் குடிச்சிட்டீங்கன்னா அப்புறம் இன்னா வெக்கறது?" பிறகு அத்தையைப் பார்த்து, "பொண்ணு வர்றப்ப இதுல பாதி குடுத்தனுப்புங்க. சீருன்னு எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

"பேரு மட்டும்..." என்று இழுத்தார் ஹெட்மாஸ்டர்.

"பேரு பீருதான்" என்றார் அந்த அம்மா.

அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். ஸ்கூல் திறப்பதற்குள் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நான் பாட்டிலின் அடியை ஜாடியில் கவிழ்த்தேன். கொஞ்சமே கொஞ்சம் வண்டல். சர்க்கரையும் சுக்கும் போட்டுக் கிளறிவிட்டு நின்று பார்த்தேன். அசைவில்லை.

அத்தை வந்து பக்கத்தில் நின்றார். "வுடும்மா. ரேணிகுண்டாவுக்கு எழுதினா உங்கம்மா வூட்லருந்து கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், அம்மா இல்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அங்கேதான் உடைந்தது. "ரேணிகுண்டாவுல ஒண்ணும் இல்ல அத்தை. கழுவி ஊத்திட்டாங்க. எங்கம்மா கைப்பட வெச்சது இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதப் போயி எருவுல நட்டுட்டீங்களே" என்று கத்தினேன். கத்திவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அத்தை திரும்பிப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று எனக்கும் கோபம்தான்.

மறுநாள் காலையில் ஜாடிக்குப் பக்கத்தில் சர்க்கரை டப்பா முழுசாக இருந்தது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். குடிக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், அதில் சர்க்கரை இல்லை என்று புரிந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் தீனி போடும் நேரத்தில் அவரும் சமையலறையில் ஏதாவது வேலை இருப்பதுபோல வந்து நிற்பார். "இன்னா, எதனா தெரியுதா?" என்பார். "இல்ல" என்பேன். "வெயிலா கீது, கொஞ்சம் நெழல்ல வெச்சா?" என்பார். ஜாடியைத் தானே தூக்கி இடம் மாற்றுவார். ஒன்றரை வருஷமாக அதன் பக்கமே போகாதவர், இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

"மூச்சு வுடும்னு சொல்லுவியே, அது எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"அடியிலருந்து குமிழி வரும். எங்கம்மா அதத்தான் மூச்சுன்னு சொல்லுவாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிக்கும் நாள். நாத்தனார் பெயரும் அந்தப் பையன் பெயரும் சபைக்கு முன்னால் அறிவிக்கப்படும். வீடே பரபரப்பாக இருந்தது. முதல் மணி அடித்தாகிவிட்டது. சங்கத்துச் செயலாளர், ஒருநாளும் கோயிலுக்குப் பிந்தாதவர், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். ஆனால் ஆளைக் காணோம். நான் வாசலில் வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். இரண்டாம் மணியும் அடித்தது.

அப்புறம் சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது. காம்பவுண்டில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

"இங்க வாம்மா, சீக்கிரம் வா. உங்கம்மா மூச்சு வுட்டுக்கினு கீறாங்க."